முதல் பயணத்திலேயே மார்லின் வேண்டாம்: சின்னப் படகில் குடும்பத்தோடு ஆழ்கடல் தூண்டில்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பதில் அதை ஒட்டித்தான் வரும். சிட்னிக்கு மேற்கே வீடு. 115 குதிரைத்திறன் எஞ்சினோடு 5.5 மீட்டர் அலுமினியப் படகு ஒன்று பழையதாக வாங்கியாயிற்று. மனைவி, 13 வயதுப் பெண், 8 வயதுப் பையன், ஊரிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருக்கும் மாமனார். பிப்ரவரியில் ஒரு சனி ஞாயிறு சிட்னிக்கு வடக்கே போர்ட் ஸ்டீபன்ஸ் வளைகுடாவுக்குப் போய், ஈட்டி மாதிரி மூக்கு நீண்ட மார்லின் என்கிற பெரிய மீனைப் பிடிக்க வேண்டும், எப்படித் திட்டம் போடுவது, என்னென்ன வாங்குவது. இதுதானே? இடம் சரி, மாதம் சரி, படகும் போதும். மார்லின் மட்டும் அந்த முதல் பயணத்துக்கு வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்றால், அதைச் செய்து பட்டவன் நான். உங்களைப் போலவே ஒரு படகு வாங்கி, இரண்டே தடவை கடலுக்குப் போய்விட்டு, மூன்றாவது தடவை மனைவி, அப்போது ஒன்பது வயதான பையன், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா என்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டு 22 கடல் மைல் தென்கிழக்கே போனேன். காலையில் கடல் எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரி கிடந்தது. ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம். பதினொரு மணிக்கு வடகிழக்குக் காற்று எழும்பியது, கோடையில் இங்கே அது அன்றாடம் வருவதுதான், எனக்குத் தெரிந்தே இருந்தது, ஆனால் இன்னும் அரை மணி, இன்னும் அரை மணி என்று தூண்டிலை இழுத்துக்கொண்டே இருந்தேன். திரும்பும்போது காற்று வலது பக்கமிருந்து அடிக்க, ஒவ்வொரு அலையும் படகுக்குள் ஒரு வாளித் தண்ணீரை இறைத்துவிட்டுப் போக, மூன்றேகால் மணி நேரம் ஆயிற்று. பையன் வாந்தி எடுத்து எடுத்துக் களைத்துத் தூங்கிவிட்டான். அப்பா தூத்துக்குடிக்காரர், சின்ன வயதில் வல்லத்தில் போனவர், கம்பியைப் பிடித்தபடி ஒரு வார்த்தை பேசவில்லை. கரையேறிய பிறகு, "காத்து மாறும்னு தெரிஞ்சிருந்தும் என்னத்துக்குப்பா நின்ன?" என்று மட்டும் கேட்டார். மீன் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பையன் அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் படகில் கால் வைக்கவில்லை.

அதனால் நான் இப்போது கணக்குப் போடும் விதமே வேறு. மீன் எங்கே இருக்கிறது என்பதை வைத்துத் தூரத்தை முடிவு செய்வதில்லை. படகில் யார் முதலில் சோர்ந்து போவார்களோ அவரை வைத்து முடிவு செய்கிறேன். உங்கள் படகில் அது 8 வயதுப் பையன், இல்லையென்றால் மாமனார். முதல் நாள் மூன்று மணி நேரம், இரண்டாம் நாள் ஐந்து மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட வேண்டாம். இந்த நேரத்துக்குள் என்ன மீன் சாத்தியமோ அதுதான் அந்தச் சனி ஞாயிறுக்கான மீன்.

போர்ட் ஸ்டீபன்ஸை நானும் தேர்ந்தெடுப்பேன் என்பதற்குக் காரணம் மார்லின் இல்லை, அந்த வளைகுடா கடலோடு சேரும் வாய். நியூ சவுத் வேல்ஸ் கரையில் பல இடங்களில் ஆற்று முகத்துவாரத்தில் மணல் திட்டு இருக்கும், அலை அதன்மேல் உடையும், அதைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். புதிதாகப் படகு ஓட்டுகிறவர் குடும்பத்தை வைத்துக்கொண்டு அதைத் தாண்டக் கற்கக் கூடாது. இங்கே டொமாரி முனைக்கும் யாக்காபி முனைக்கும் நடுவே வாய் அகலமாக, ஆழமாக இருக்கிறது. லிட்டில் பீச்சில் படகை இறக்கினால் சீக்கிரமே வெளியே வந்துவிடலாம். வெளியே வந்தவுடன் கேபேஜ் ட்ரீ தீவும் பூண்டெல்பா தீவும் மறைப்புக் கொடுக்கும். காற்று மோசமாகிப் போக முடியாமல் போனாலும் வளைகுடாவுக்குள்ளேயே டால்ஃபின்கள் திரிகின்றன, டொமாரி மலை 161 மீட்டர்தான், பிள்ளைகளோடு ஏறலாம், பக்கத்தில் ஸ்டாக்டன் மணல் மேடுகள் இருக்கின்றன. சிட்னியிலிருந்து இரண்டரை மணி நேரம் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டுக் கடலுக்குப் போகவில்லையே என்று யாரும் அழ மாட்டார்கள். இது பெரிய விஷயம், ஏனென்றால் வேறு வழி எதுவும் இல்லாத இடத்தில்தான் "வந்தது வந்துவிட்டோம், போய்ப் பார்ப்போம்" என்ற புத்தி வரும்.

சரி, காற்று. வியாழன் இரவே முடிவு எடுங்கள், சனி காலை படகுத்துறையில் நின்றுகொண்டு எடுக்காதீர்கள். வானிலை மையத்தின் கடல் முன்னறிவிப்பில் ஹண்டர் கோஸ்ட் என்ற பகுதியைப் பாருங்கள். அதிலேயே ஒரு வரி எப்போதும் இருக்கும்: காற்றின் வீச்சு சொன்னதைவிட 40 சதவீதம் கூடலாம், அலை சொன்ன உயரத்தைப் போல இரண்டு மடங்கு வரை போகலாம் என்று. எல்லோரும் அதைப் படிக்காமல் தாண்டிவிடுவார்கள். 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) என்று போட்டிருந்தால் 21 வரை வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு போக என் கணக்கு, பதினொரு மணி வரை காற்று 10 நாட்டுக்குள், அலை ஒன்றரை மீட்டருக்குள். அலைகளுக்கு நடுவே 10 விநாடிக்கு மேல் இடைவெளி இருந்தால் 2 மீட்டர்கூடப் பரவாயில்லை, ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கும். ஒன்றரை மீட்டர் அலை 6 விநாடிக்கு ஒருமுறை வந்தால் அது அடி. உயரத்தை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். வெயில் கொளுத்தி வடமேற்குக் காற்று அடிக்கும் நாளில் தெற்கே கரிய மேகச் சுருள் தெரிந்தால் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு உடனே உள்ளே வந்துவிடுங்கள், தென்காற்று சில நிமிஷங்களில் கடலைத் தலைகீழாகப் புரட்டிவிடும்.

இன்னொன்று, முடிந்தவரை வடகிழக்குப் பக்கமாகப் போங்கள். மதியக் காற்று அங்கிருந்துதான் வரும், திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளும். நான் அன்று தென்கிழக்கே போனதில் வந்த வினைதான் மேலே சொன்னது.

பாதுகாப்பில் சட்டம் சொல்வதை முதலில் முடித்துவிடுகிறேன். கரையிலிருந்து 2 கடல் மைலுக்கு மேல் போனால் ஆபத்தில் நாம் இருக்கும் இடத்தை மீட்பவர்களுக்குத் தெரிவிக்கும் ஈபர்ப் என்கிற அவசரக் கருவி கட்டாயம். அதை உங்கள் பெயரில் பதிவு செய்ய வேண்டும், பதிவு இலவசம். பழைய படகு என்றீர்களே, அதோடு வந்த கருவி இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருக்கும், காலாவதியாகியும் இருக்கலாம், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். உங்கள் அளவுப் படகு ஓடும்போது திறந்த பகுதியில் இருக்கும் 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும். என் படகில் வயது வித்தியாசம் இல்லை, துறையை விட்டதிலிருந்து திரும்பும்வரை எல்லோரும் போட்டிருக்க வேண்டும். பெரியவர்கள் சொன்னால் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், பெரியவர்கள் போட்டிருந்தால் கேட்பார்கள். பையனுக்குத் தொடை இடுக்கில் பட்டை வரும் மாதிரி வாங்குங்கள், இல்லையென்றால் தண்ணீரில் விழும்போது ஜாக்கெட் மேலே போகும், பிள்ளை கீழே போவான். ஈபர்ப்பைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். படகு கவிழ்ந்தால் கைக்குக் கிடைக்கிற இடத்தில் இருக்க வேண்டும்.

கிளம்பும்போது விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் சானலில் மரைன் ரெஸ்க்யூ என்கிற தன்னார்வக் கடல் மீட்பு அமைப்பைக் கூப்பிட்டு எத்தனை பேர், எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லுங்கள். செயலியிலும் செய்யலாம். நான் ரேடியோவில்தான் சொல்வேன், ரேடியோ வேலை செய்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். மனைவிக்கும் மகளுக்கும் அதில் பேசக் கற்றுக்கொடுங்கள், எஞ்சினை அணைக்கவும் போடவும் கற்றுக்கொடுங்கள். படகில் ஒரே ஒருவருக்குத்தான் எல்லாம் தெரியும், அவரே தண்ணீரில் விழுந்துவிட்டார் என்றால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் இருக்க.

இனி, யாரும் கேட்க வெட்கப்படும் விஷயம். படகில் கழிப்பறை இல்லை. ஆண்கள் யாரும் இதைத் திட்டத்தில் சேர்ப்பதே கிடையாது, அப்புறம் "உன் அம்மாவுக்கு மீன் பிடிக்கவே பிடிக்காது" என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மூடியுள்ள வாளி ஒன்று, முன்பக்கத் தடுப்பறைக்குத் தடித்த துணித்திரை ஒன்று. முப்பது டாலர் செலவு. என் மனைவி காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்து தலைசுற்றி உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. தண்ணீர் குடிக்காவிட்டால் குமட்டலும் கூடும்.

குமட்டலுக்கு மாத்திரை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. முதல் நாள் இரவு ஒன்று, கிளம்புவதற்கு முன் ஒன்று என்று போடுகிற வகைகள் உண்டு. பையனுக்கு எது, எவ்வளவு என்று மருந்துக் கடையில் வயதைச் சொல்லிக் கேளுங்கள். மாமனார் ரத்த அழுத்தத்துக்கோ வேறு எதற்கோ மாத்திரை எடுப்பவர் என்றால் அதையும் சொல்லிக் கேளுங்கள். வெறும் வயிற்றோடு வரக் கூடாது, எண்ணெய்ப் பண்டமும் கூடாது. எங்கள் வீட்டில் இட்லி, கொஞ்சம் சர்க்கரை, அவ்வளவுதான். இஞ்சி மொரப்பா ஒரு டப்பா. போன் பார்க்கக் கூடாது, படகின் பின்பக்கம் நடுவில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உட்கார்ந்தால்தான் ஜாலி என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள், அங்கேதான் தூக்கிப் போடுவது அதிகம்.

சனிக்கிழமை கிழக்கு வெளுக்கும்போது இறங்குங்கள். முதல் வேலை உயிருள்ள இரை பிடிப்பது. சிறுசிறு தூண்டில் முட்கள் ஆறேழு கட்டிய சபிக்கி என்கிற நரம்பை (தூண்டில் இழையை) டொமாரி முனைக்கு அருகே இறக்கினால் யாக்கா என்கிற சின்ன மீனும் ஸ்லைமி மேக்கரலும் ஏறும். மேக்கரலைக் கையில் எடுத்ததும் மாமனார் "இது நம்ம கானாங்கெளுத்தி ஜாதியில்ல?" என்பார், ஆமாம், கிட்டத்தட்டச் சொந்தம்தான். ஒரே நேரத்தில் நாலு மீன் துள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தால் பையனுக்கு அதுவே போதும். என் பையன் ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பி வந்தது இந்தச் சபிக்கிக்காகத்தான், மார்லினுக்காக இல்லை. பிடித்த இரையோடு தீவுகளைச் சுற்றி நடக்கிற வேகத்தில் இழுத்துப் பாருங்கள், கிங்ஃபிஷ் வரலாம், ஊரில் அந்தப் பெயரில் சொல்கிற வஞ்சிரம் இல்லை, இது வேறு மீன். 65 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும். கடல் பூங்கா இது, பிராட்டன் தீவைச் சுற்றி மீன் பிடிக்கவே கூடாத பகுதிகள் உண்டு, ஃபிஷ்ஸ்மார்ட் செயலியில் வரைபடமும் அளவு விதிகளும் இருக்கின்றன. மாமனாருக்கும் மீன்பிடிக் கட்டணம் கட்ட வேண்டும், ஊரிலிருந்து வந்த முதியவர் என்பதால் விலக்குக் கிடையாது. நான் அப்பாவுக்குக் கடைசியாக எடுத்தபோது மூன்று நாளைக்கு 7 டாலர். பிள்ளைகளுக்குத் தேவையில்லை. பத்து மணிக்குக் கரை. பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கலாமா என்று கேட்பார்கள்: வெளியே வேண்டாம். இந்தக் கரையோரம் வெள்ளைச் சுறாக் குட்டிகள் வளரும் இடம்.

ஞாயிறுதான் உண்மையான கேம் ஃபிஷிங், அதாவது பலமாகச் சண்டை போடும் பெரிய மீன்களை விளையாட்டாகத் தூண்டிலில் பிடிப்பது. மீன்வளத் துறை கோடையில் கடலில் மஞ்சள் மிதவைகளை நங்கூரமிட்டு வைத்திருக்கிறது, நாம் கட்டும் அந்தக் கட்டணத்தில்தான். திமிங்கிலங்கள் வலசை போகும் குளிர்காலத்தில் எடுத்துவிடுவார்கள். ஜிபிஎஸ் இடங்களைத் துறையே வெளியிடுகிறது. நட்டநடுக் கடலில் ஒரு நிழல் கிடைத்தால் சின்ன மீன்கள் கூடும், அவற்றைத் தேடி மஹி மஹி வரும். தங்கமும் பச்சையும் நீலமுமாக, தண்ணீருக்குள் விளக்குப் போட்ட மாதிரி இருக்கும், செத்தவுடன் அந்த நிறம் கண்ணெதிரே வடிந்துபோகும். முதல் வருஷத்திலேயே ஒரு மீட்டர் வரை வளர்ந்துவிடுகிற மீன், நாலைந்து வயதுக்கு மேல் வாழ்வதில்லை. அதனால் ஒன்றிரண்டை வீட்டுக்குக் கொண்டுபோவதில் எனக்கு மனக்குறை கிடையாது.

மிதவையில் படகைக் கட்டாதீர்கள், மேலேயே போய் நிற்காதீர்கள். காற்று வரும் பக்கம் முப்பது நாற்பது மீட்டர் தள்ளி எஞ்சினை அணைத்துவிட்டு, யாக்காவை மிதவைப் பக்கம் வீசுங்கள். முதல் மீன் மாட்டியதும் உடனே தூக்கிவிடாமல் படகுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் தண்ணீரிலேயே வைத்திருங்கள், அதன் கூட்டம் பின்னாலேயே வரும், அந்த நேரத்தில் இரண்டாவது தூண்டிலை மகளிடம் கொடுங்கள். 8 கிலோ நரம்பு, அதாவது 8 கிலோ இழுப்பு வரை அறாமல் தாங்கும் நரம்பு, போட்ட சாதாரண சுழல் தூண்டில் போதும். கேம் ஃபிஷிங் சங்க விதிப்படி, சண்டையின்போது வேறு ஆள் தூண்டிலைத் தொட்டால் அது சாதனைப் பதிவுக்கு ஏற்கப்படாது. உங்கள் பையனுக்குப் பதிவு எதற்கு, பின்னால் நின்று அவன் இடுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், தூண்டிலையும் பிடித்துக்கொள்ளுங்கள். மஹி மஹியைப் படகுக்குள் போட்டால் பேய் பிடித்த மாதிரி துள்ளும், முள்ளோடு துள்ளும். நேராக ஐஸ் பெட்டிக்குள் இறக்கி மூடிமேல் யாராவது உட்கார்ந்துவிட வேண்டும். எங்கள் படகில் அது அப்பாவின் வேலை.

அந்த ஐஸ் விஷயத்தில் சோம்பல் வேண்டாம். பிடித்தவுடன் ரத்தம் வடித்து, ஐஸும் கடல்நீரும் கலந்த கூழில் போட வேண்டும். மஹி மஹி, சூரை, மேக்கரல் எல்லாம் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உருவாகும், சமைத்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு எல்லாம் வரும். பத்து கிலோ ஐஸ் என்று நினைத்தால் இருபது வாங்குங்கள். நன்றாகக் குளிர்ந்த மஹி மஹியைத் துண்டு போட்டு மிளகாய்ப்பொடி, பூண்டு, எலுமிச்சை தடவி வறுத்தால் வஞ்சிரம் இல்லாத குறை பாதி தீரும். பாதிதான், பொய் சொல்ல மாட்டேன்.

மார்லினைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். கோடையில் இந்தப் பக்கம் கரையோரமாக வருபவை பெரும்பாலும் இளம் கருப்பு மார்லின்கள், வடக்கே பெருந்தடுப்புப் பவளத்திட்டுப் பக்கம் பிறந்து, கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டத்தின் வெதுவெதுப்பான நீரோடு தெற்கே வருகிறவை. கோடுள்ள மார்லினுக்குக் கண்டத்திட்டின் விளிம்பை நோக்கிப் போக வேண்டும். கார் பார்க் என்று கடலில் ஒரு மீன்பிடி இடம் இருக்கிறது, சீசனில் பெயருக்கு ஏற்ற மாதிரியே படகுகள் நிற்கும். போய் வந்த நாலைந்து பயணங்களுக்குப் பிறகு, பிள்ளைகள் இல்லாமல், அனுபவமுள்ள இரண்டு பேரோடு போங்கள். பச்சைத் தண்ணீர் திடீரென்று கருநீலமாக மாறும் கோடு, வெப்பநிலை 21-லிருந்து 23-க்குத் தாவும் இடம், பறவைக் கோலா மீன்கள் அணியத்துக்கு முன்னால் சிதறிப் பறப்பது, இதெல்லாம்தான் அடையாளம். நான் ஜிபிஎஸ் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்பா தண்ணீரைப் பார்த்தே "இங்கதான் தெளிவு தொடங்குது" என்று சொல்லிவிடுவார். 15 கிலோ நரம்புக்கு ரீலின் இறுக்கத்தை (மீன் எவ்வளவு பலமாக இழுத்தால் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் என்பதை) மூன்றில் ஒரு பங்காக, அதாவது 5 கிலோவாக, தராசு மாட்டி அளந்து வையுங்கள். கை மதிப்பு எப்போதும் தப்பும். உயிருள்ள இரைக்கு வட்ட முள் போடுங்கள், பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும், திரும்ப விடுவது சுலபம்.

விடுவதைப் பற்றி வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இங்கே 1973 முதல் மீன்களுக்கு அடையாள வில்லை குத்தி விடும் திட்டம் நடக்கிறது, கேம் ஃபிஷிங் சங்கத்தில் சேர்ந்தால் வில்லைகள் கிடைக்கும். எங்களுக்கு முதல் கருப்பு மார்லின் மாட்டியபோது, சுமார் நாற்பது கிலோ இருக்கும், நாற்பது நிமிஷம் போராடிப் பக்கத்தில் கொண்டுவந்து வில்லை குத்தி முள்ளை வெட்டி விட்டேன். அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கிடைத்ததை விடுவதற்கா இத்தனை எண்ணெயை எரித்து வந்தாய் என்று கரை வரை கேட்டுக்கொண்டே வந்தார். அவர் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை, வேடிக்கைக்காக ஒரு மீனை இழுத்துக் களைக்க வைப்பதும் ஒருவிதத்தில் அநியாயம்தான், அதனால்தான் மெல்லிய நரம்பில் மணிக்கணக்காகச் சண்டை போடுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. மீனை வெளியே தூக்கிப் படம் எடுக்காதீர்கள், படகுக்குப் பக்கத்தில் தண்ணீரிலேயே எடுங்கள். நரம்பின் முனையிலுள்ள தடித்த பகுதியைக் கையில் ஒருபோதும் சுற்றாதீர்கள்.

வாங்க வேண்டியது என்று கேட்டீர்கள். முதல் பயணத்துக்கு இரண்டு சுழல் தூண்டில், ஒரு 15 கிலோ தூண்டில், நல்ல ஐஸ் பெட்டி. மிச்சப் பணத்தில் ட்ரெய்லரின் சக்கர பேரிங்குகளைப் பாருங்கள், பழைய படகில் முதலில் கைவிடுவது அதுதான், அதுவும் நெடுஞ்சாலையில். படகை இறக்குவதற்கு முன், தண்ணீர் வடியும் ஓட்டையை மூடும் அடித்தக்கையை மாட்டியாயிற்றா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், வாரம் ஒருவர் மறக்கிறார்.

கரைக்கு வந்ததும் ரேடியோவில் திரும்பிவிட்டோம் என்று சொல்ல மறக்காதீர்கள். நான் ஒரு ஞாயிறு மீன் வெட்டும் அவசரத்தில் மறந்துவிட்டேன். வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொண்டிருந்தேன், கதவைத் தட்டி மனைவி போனை நீட்டினாள், மறுமுனையில் ஒரு தன்னார்வலர் ரொம்பப் பொறுமையாக, "ஐந்து பேரும் பத்திரமா?" என்று கேட்டார்.